சூரிய வளையம் முதல் இந்திரவஜ்ரம் வரை: வானின் வண்ணங்களை அறிவதும் படமெடுப்பதும் எப்படி?

பெங்களூருவில் 2021-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி முற்பகலில், சூரியனைச் சுற்றி வானவில் நிறங்களுடன் பெரிய வளையம் ஒன்று தோன்றியது. பொதுமுடக்கத்தால் வீடுகளுக்குள் இருந்த மக்கள் மொட்டை மாடிகளில் நின்று அதைப் படமெடுத்து, சமூக ஊடகங்களில் பகிர்ந்தனர். அடுத்த சில நாள்களில் ஹைதராபாத்திலும் இத்தகைய வளையம் காணப்பட்டது. இது நற்சகுனமா, தீய அறிகுறியா, மழையின் முன்னறிவிப்பா என்ற கேள்விகள் இத்தகைய காட்சி தென்படும் போதெல்லாம் எழுவது வழக்கம்.

இக்கேள்விகள் புதியவை அல்ல. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வானியல் அறிஞர் வராகமிகிரர் தமது 'பிருகத் சம்ஹிதை' நூலில் சூரிய, சந்திர வளையங்களுக்கும் வானவில்லுக்கும் தனித்தனி அத்தியாயங்களை ஒதுக்கி, அவற்றை மன்னனின் வெற்றி தோல்விக்கும் மழைக்கும் விளைச்சலுக்கும் உரிய குறிகளாக விளக்கினார். தமிழில் இவ்வளையத்துக்குப் பரிவேடம், ஊர்கோள் என்னும் பெயர்கள் உண்டு. 'நிலா கோட்டை கட்டியிருக்கிறது' என்பது பேச்சு வழக்கு.

வானில் தோன்றும் நிறங்கள் எதிர்காலத்தைக் கூறுவதில்லை. ஆனால், அந்த நேரத்தில் காற்றில் என்ன இருக்கிறது என்பதை அவை துல்லியமாகக் கூறுகின்றன. பனிப் படிகமா, நீர்த்துளியா, தூசியா என்பதை வெறும் கண்ணாலேயே பிரித்தறிய முடியும். அதற்கு இரண்டு செய்திகளைக் கவனித்தால் போதுமானது: நிறம் சூரியனுக்கு எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது? நிறங்களின் வரிசை என்ன?

22 பாகை வளையம்

பெங்களூருவில் தோன்றியது, வளிமண்டல ஒளியியலில் '22 பாகை வளையம்' என்று அழைக்கப்படும் காட்சியாகும். தரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு மேல் மெல்லிய திரைபோலப் பரவியிருக்கும் கீற்றுப்படை மேகங்களில் நீர், நுண்ணிய பனிப் படிகங்களாக உறைந்திருக்கும். இப்படிகங்கள் பென்சிலைப் போல ஆறு பக்கங்கள் கொண்டவை. ஒரு பக்கத்தில் நுழைந்து, ஒன்றைவிட்டு அடுத்த பக்கத்தின் வழியாக வெளியேறும் சூரிய ஒளி, முப்பட்டகத்தில் நிகழ்வது போலவே விலகலடைகிறது. அந்த விலகலின் மிகக் குறைந்த அளவு ஏறத்தாழ 22 பாகை. அதைவிடக் குறைவாக ஒளி விலக முடியாது என்பதால், வளையத்தின் உட்புறம் சற்று இருண்டும், விளிம்பு பிரகாசமாகவும் தெரிகிறது.

சிவப்பு ஒளி மிகக் குறைவாக விலகுவதால் வளையத்தின் உள் விளிம்பில் சிவப்பு அமைகிறது. வெளிப்புறம் செல்லச் செல்ல நிறங்கள் ஒன்றன்மீது ஒன்று படிந்து, நீலம் கலந்த வெண்மையாக மங்கிவிடும்.

வளையத்தின் அளவை உறுதிப்படுத்தக் கருவி தேவையில்லை. கையை முழுமையாக நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 20 முதல் 22 பாகை. கட்டைவிரல் நுனியால் சூரியனை மறைக்கும்போது சுண்டுவிரல் நுனி வளையத்தைத் தொட்டால், அது 22 பாகை வளையமே. சூரியன் தாழ்ந்திருக்கும்போது, அதே உயரத்தில் வளையத்தின் இரு பக்கங்களிலும் ஒளிப்பொட்டுகள் தோன்றுவதுண்டு. இவை 'பொய்ச் சூரியன்கள்' எனப்படுகின்றன.

இத்தகைய மேகத்திரை சில வேளைகளில் மழை தரும் பெரிய மேகக் கூட்டங்களுக்கு முன்னோடியாக வருவது உண்மை. ஆனால், தொலைவில் பெய்து ஓய்ந்த இடிமழை மேகத்தின் மேற்பகுதி காற்றில் சிதறிப் பரவினாலும் இதே வளையம் தோன்றும். எனவே, வளையத்தைக் கண்டதும் மழை உறுதி என்று முடிவுசெய்ய இயலாது.

சிவப்பு எந்தப் பக்கம்?

சூரியனையோ நிலவையோ ஒட்டி, சில பாகை அளவே விரிந்த சிறிய வண்ண வட்டங்களும் அடிக்கடி தென்படுகின்றன. இவற்றையும் மக்கள் பொதுவாக 'வளையம்' என்றே குறிப்பிடுகின்றனர். உண்மையில் இவை வேறு வகை. நடுவில் நீலம் கலந்த வெண்ணிற ஒளியும், ஓரத்தில் செம்பழுப்பு நிறமும் கொண்ட இவற்றை 'ஒளிமகுடம்' எனலாம். இங்கே பனிப் படிகங்களுக்குப் பதிலாகப் பெரும்பாலும் நீர்த்துளிகளே காரணமாகின்றன. மிக நுண்ணிய துளிகளின் ஓரங்களில் ஒளி வளையும் விளிம்பு விளைவால் இந்நிறங்கள் உண்டாகின்றன. சிவப்பு ஒளியே அதிகம் வளைவதால், அது வெளி விளிம்பில் அமைகிறது.

ஆகவே, விதி எளிது. சிவப்பு உட்புறம் இருந்தால் பனிப் படிகம். வெளிப்புறம் இருந்தால் பெரும்பாலும் நீர்த்துளி. துளிகள் எவ்வளவு சிறியனவோ, வட்டம் அவ்வளவு பெரிதாகும்.

மேகம் முழுவதும் ஒரே அளவான துளிகள் இருந்தால் முழு வட்டம் கிடைக்கும். துளிகளின் அளவு இடத்துக்கு இடம் மாறினால் வட்டம் உடைந்து, சோப்புக் குமிழியிலோ மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்திலோ காணப்படுவது போன்ற இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா திட்டுகளாக மேகத்தின் ஓரங்களில் சிதறித் தெரியும். 'வானவில் மேகம்' என்று சமூக ஊடகங்களில் பரவும் படங்களில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. வேகமாக மேலெழும் திரள் மேகத்தின் தலைமீது தொப்பிபோல் படியும் மெல்லிய மேகத்தில் இந்நிறங்கள் மிகவும் அழகாக அமையும். அந்த மேகத் தொப்பி அப்போதுதான் உருவாகியிருப்பதால், அதன் துளிகள் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதே காரணம். சில நிமிடங்களில் அது கலைந்துவிடும்.

இந்தியாவுக்கு வாய்த்த காட்சி

நண்பகல் வேளையில், சூரியனுக்கு வெகு கீழே அடிவானத்துக்கு இணையாக நீளும் பளிச்சென்ற வண்ணப்பட்டை மற்றொரு காட்சி. 'நெருப்பு வானவில்' என்ற பெயரில் இது பரவினாலும், இதற்கும் நெருப்புக்கும் மழைக்கும் தொடர்பில்லை. தட்டுபோல் படுத்த நிலையில் மிதக்கும் பனிப் படிகங்களின் பக்கவாட்டில் நுழையும் ஒளி, அடிப்பரப்பின் வழியாக வெளியேறும்போது இப்பட்டை உருவாகிறது. இதன் நிறங்கள் 22 பாகை வளையத்தின் நிறங்களைவிடத் தூய்மையானவை.

சூரியன் 58 பாகைக்கு மேல் உயர்ந்திருந்தால் மட்டுமே இப்பட்டை தோன்றும். லண்டனில் அந்த உயரத்தைச் சூரியன் எட்டுவது கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்களே. தில்லியில் மார்ச் நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரையிலும், தென்னிந்தியாவில் ஆண்டின் பெரும்பகுதியிலும் நண்பகல் சூரியன் இந்த உயரத்தைத் தாண்டுகிறது. ஐரோப்பியர்களுக்கு அரிதான இக்காட்சிக்கு இந்திய வானம் தாராளமாக இடமளிக்கிறது. ஆனால், உச்சிவெயிலில் வானத்தை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு என்பதால் பெரும்பாலும் கவனிக்கப்படாமலேயே அது மறைந்துவிடுகிறது.

சூரியனுக்கு முதுகைக் காட்டி

வானவில்லைக் காணச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். நம் நிழலின் தலை விழும் புள்ளியை மையமாகக் கொண்டு, 42 பாகை ஆரத்தில் சிவப்பும் 40 பாகையில் ஊதாவும் அமைகின்றன. அதற்கு வெளியே நிற வரிசை தலைகீழாக மாறிய இரண்டாம் வில்லும் சில நேரம் தெரியும். இரு விற்களுக்கும் இடைப்பட்ட வானம் சற்று இருண்டிருக்கும். சூரியன் 42 பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டால் சமதரையில் நிற்பவர்களுக்கு வானவில் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். காலையிலும் மாலையிலும் மட்டுமே வானவில் தென்படுவதற்கு இதுவே காரணம்.

மலை விளிம்பில் நிற்பவர்களுக்கு இதே எதிர்த்திசையில் வேறொரு காட்சி கிடைக்கும். மகாராஷ்டிரத்தின் ஹரிச்சந்திரகட் கோட்டையில் உள்ள 'கோகண் கடா' என்ற செங்குத்துப் பாறையின் விளிம்பில், கீழே பள்ளத்தாக்கை மூடுபனி நிறைத்திருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால், பார்ப்பவரின் நிழல் மூடுபனியின்மீது விழும். அந்நிழலின் தலையைச் சுற்றி வண்ண வட்டங்கள் ஒளிரும். உள்ளூர் மக்கள் இதனை 'இந்திரவஜ்ரம்' என்று அழைக்கின்றனர். தக்காணத்தில் பணியாற்றிய கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி வில்லியம் சைக்ஸ், 1835-ஆம் ஆண்டில் வெளியான தமது வானிலை ஆய்வுக் கட்டுரையில் இக்காட்சியைப் பதிவுசெய்துள்ளார்.

பலர் அருகருகே நின்றாலும் ஒவ்வொருவரும் தம் தலையைச் சுற்றி மட்டுமே வட்டத்தைக் காண்பர். நீர்த்துளிகள் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய வட்டம் தனித்தனியானது.

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் 1894-ஆம் ஆண்டு இவ்வகை ஒளிவட்டங்களைக் கண்டு வியந்த இயற்பியலாளர் சி.டி.ஆர்.வில்சன், அவற்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க விரும்பிச் செயற்கை மேகங்களை உண்டாக்கினார். அம்முயற்சியிலிருந்து பிறந்ததே, அணுத்துகள்களின் பாதையைக் கண்ணுக்குக் காட்டிய 'மேக அறை'. அதற்காக 1927-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மலையேறாமலும் இந்த ஒளிவட்டத்தைக் காணலாம். விமானத்தில் சூரியனுக்கு எதிர்ப்புறச் சாளரத்தின் அருகே அமர்ந்து, கீழேயுள்ள மேகத்தின்மீது விழும் விமானத்தின் நிழலைக் கவனித்தால் அதைச் சுற்றி வண்ண வட்டம் தெரியும்.

மாசு மிகுந்தால் செவ்வானம் அழகாகுமா?

காற்று மாசு அதிகரித்தால் சூரிய அஸ்தமனத்தின் நிறங்கள் கூடுதல் அழகு பெறும் என்ற கருத்து பரவலாக உள்ளது. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அந்தி வேளையில் சூரிய ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தொலைவு பயணிக்கிறது. வழியில் காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிதறடித்துவிடுவதால், எஞ்சும் சிவப்பும் ஆரஞ்சும் நம்மை வந்தடைகின்றன. இதற்குத் தூய காற்றே போதுமானது. தரையை ஒட்டிய புகையிலும் தூசியிலும் உள்ள பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடித்து வானத்தை வெளிறச் செய்கின்றன. குளிர்காலப் புகைமூட்டத்தில் வட இந்திய நகரங்களின் மாலைச் சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே மங்கிய வட்டாக மறைந்துவிடுவது இதனாலேயே. மழை காற்றைக் கழுவிச் சென்ற மாலைகளில்தான் செவ்வானம் முழு அழகு பெறுகிறது.

ராமனின் பட்டகமும் இன்றைய வடிகட்டியும்

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்ற கருத்து நிலவிய காலத்தில், 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் நாடு திரும்பிக்கொண்டிருந்த சி.வி.ராமன், 'நிக்கல் பட்டகம்' என்ற சிறு கருவி வழியாகக் கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அக்கருவி விலக்கிய பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. நீர் தானே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அத்திசையில் தொடர்ந்த ஆய்வுகள் 1928-ஆம் ஆண்டு 'ராமன் விளைவு' கண்டுபிடிப்பில் முடிந்தன.

ராமன் பயன்படுத்திய பட்டகம் செய்த வேலையையே இன்று ஒளிப்படக் கலைஞர்கள் லென்ஸின் முன் பொருத்தும் 'போலரைசர்' வடிகட்டி செய்கிறது. வானவில்லின் ஒளி இதற்கு மிகவும் கட்டுப்பட்டது. வடிகட்டியை ஒரு பக்கம் திருப்பினால் வில் பளிச்சிடும். கால் சுற்று மேலும் திருப்பினால் அதே வில் ஏறத்தாழ மறைந்துவிடும்.

கண்ணுக்கு எட்டாததைக் கேமரா காட்டுவதும் உண்டு. 2024-ஆம் ஆண்டு மே 10, 11 தேதிகளின் இரவில் வீசிய கடும் புவிகாந்தப் புயலின்போது, லடாக்கின் ஹான்லேயில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்கள், அடிவானத்தில் சிவப்பு ஒளியைப் பதிவுசெய்தன. 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் வெளியிடும் செந்நிறம் அது. அதற்குக் கீழே தோன்றும் பச்சை நிறத்தைப் புவியின் வளைவு மறைத்துவிட்டது. இருளில் நிறம் காணும் திறன் மனிதக் கண்ணுக்குக் குறைவு. பல நொடிகள் ஒளியைச் சேகரிக்கும் கேமராவுக்கு அக்குறை இல்லை.

கண்ணே முதன்மை

இக்காட்சிகளில் பல சூரியனுக்கு மிக அருகில் தோன்றுவதால், அவற்றைக் காண்பதில் உண்மையான ஆபத்து உள்ளது. சூரியனை நேரடியாகப் பார்த்தால் விழித்திரை கருகக்கூடும். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால், பாதிப்பு நிகழும்போது எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் மங்கலோ கரும்புள்ளியோ தோன்றும். அதனைக் குணப்படுத்த உறுதியான சிகிச்சை இல்லை. சிலருக்குப் பார்வை படிப்படியாகத் திரும்பும். சிலருக்குக் குறை நிலைத்துவிடும். சாதாரண குளிர்க்கண்ணாடி சூரியனிடமிருந்து கண்ணைக் காக்காது. தொலைநோக்கி அல்லது கேமராவின் ஒளியியல் காட்சித்துளை வழியாகச் சூரியனைப் பார்ப்பது நொடிப்பொழுதில் பார்வையைப் பறிக்கக்கூடியது.

இதற்கு எளிய தீர்வு, சூரியனை மறைத்துக்கொள்வது. கட்டடத்தின் முனை, தென்னை மரத்தின் தலை, விளக்குக் கம்பம் ஆகியவற்றின் நிழலில் நின்று வளையத்தை மட்டும் பார்க்கலாம். சிறுவர்களுக்குக் காட்டும்போது முதலில் அவர்களை நிழலில் நிறுத்துவது அவசியம்.

இடி முழக்கம் கேட்கும் தொலைவில் மொட்டை மாடியில் நின்று வானவில்லையோ மேகத்தையோ படமெடுப்பதும் ஆபத்தானது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுகளின் தரவுகளின்படி, நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னல் தாக்கி உயிரிழக்கின்றனர். இந்திரவஜ்ரத்தைத் தேடி மழைக்காலத்தில் மலை விளிம்புக்குச் செல்வோர், மூடுபனி மறைத்த ஈரப்பாறையில் கால் வழுக்கும் என்பதை மறத்தலாகாது.

படமெடுக்கும் முறை

22 பாகை வளையத்தின் விட்டம் 44 பாகை. திறன்பேசியின் முதன்மை கேமராவில், படச்சட்டத்தின் நடுவில் சூரியன் வருமாறு அமைத்தால் வளையம் ஏறத்தாழ முழுமையாக அடங்கும். முழு வானவில்லுக்கு இரு மடங்கு அகலம் தேவை என்பதால், மிக அகன்ற கோணத்துக்கான கேமராவைப் பயன்படுத்த வேண்டும். இரு காட்சிகளுக்கும் திரையில் வெளிச்ச அளவைக் குறைத்து வைத்தால் நிறங்கள் வெளிறாமல் பதிவாகும். சூரியனை ஒரு கம்பமோ கூரை விளிம்போ மறைக்குமாறு நின்றால் கண்ணும் கேமராவும் ஒருசேரக் காக்கப்படும்.

படத்தில் தெரியும் பச்சைப் பொட்டுகளும் கூடுதல் ஒளிவட்டங்களும் பல நேரம் லென்ஸின் உட்புறப் பிரதிபலிப்புகளே. கேமராவைச் சற்று அசைத்தால் அவை திரையில் இடம் மாறும். வானில் உண்மையாக இருப்பது இடம் மாறாது. விமானச் சாளரத்தில் போலரைசரைத் தவிர்ப்பது நல்லது. சாளரத்தின் நெகிழி அடுக்கே பொய்யான நிறங்களை உண்டாக்கிவிடும்.

படத்தைவிட முக்கியமானது அதனுடன் உள்ள குறிப்பு. இதற்கு 1883-ஆம் ஆண்டு சான்று பகர்கிறது. ஆகஸ்ட் 27-ஆம் தேதி சுந்தா நீரிணையில் கிரகடோவா எரிமலை வெடித்துச் சிதறிய சில நாள்களில், செப்டம்பர் மாதம் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சை நிறத்தில் காட்சியளித்தது. அப்போது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவரும், பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவருமான மிச்சி ஸ்மித், நிறமாலை நோக்கி கொண்டு அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்தார். ஹொனலூலுவில் செரினோ பிஷப் என்ற பாதிரியார், சூரியனைச் சுற்றிய மங்கலான வட்டத்தைக் குறித்துவைத்தார். அது இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

பல நாடுகளிலிருந்து வந்த இத்தகைய குறிப்புகளை லண்டன் ராயல் சங்கம் தொகுத்து 1888-ஆம் ஆண்டு வெளியிட்டது. எந்த ஊரில் எந்த நாளில் வானத்தின் நிறம் மாறியது என்பதை வரிசைப்படுத்தியபோது, எரிமலைத் தூசி நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உலகைச் சுற்றி வந்தது தெரியவந்தது. கருவிகள் எட்ட முடியாத உயரத்தில் வீசும் காற்றின் திசையும் வேகமும், தரையில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் எழுதிவைத்த தேதிகளிலிருந்து கிடைத்தன. தேதியும் இடமும் இல்லாமல் 'பச்சைச் சூரியன் கண்டோம்' என்று மட்டும் அவர்கள் எழுதியிருந்தால், அது வியப்புச் செய்தியாகவே முடிந்திருக்கும்.

எனவே, வானத்தைப் படமெடுப்போர் இடம், தேதி, நேரம், பார்த்த திசை, காட்சி நீடித்த நிமிடங்கள் ஆகியவற்றைக் குறித்துவைப்பது பயன் தரும். நிறங்களைச் செயலி மூலம் கூட்டாமல், மூலப் படத்தை அப்படியே பாதுகாக்க வேண்டும். கூட்டப்பட்ட நிறம் பார்வைக்கு இனிமையாக இருந்தாலும், சிவப்பு உட்புறமா வெளிப்புறமா என்ற அடிப்படைச் சான்றையே அது அழித்துவிடக்கூடும்.

தென்மேற்குப் பருவமழை விடைபெறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மழை கழுவிய காற்றும் உடைந்து சிதறும் மேகங்களும் மாலைச் சாய்வெயிலும் நாட்டின் பல பகுதிகளில் ஒருசேர அமைவதுண்டு. வானவில்லையும் செவ்வானத்தையும் காண ஏற்ற காலம் அது. வளையங்களுக்குப் பருவம் இல்லை; சூரியனோ முழுநிலவோ மெல்லிய வெண்திரைக்குப் பின்னால் மங்கித் தெரியும் எந்த நாளிலும் அவை தோன்றக்கூடும்.